மூன்றடி நகர்ந்த குச்சி

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, வேலை வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத ஓர் இனமும் உண்டு. வேலையை ஒருவரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டு, அதற்கப்புறம் அந்த வேலையின் மேலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் தவிக்கிற இனம். இதற்கு ஜன்னல் மேஸ்திரி என்று பெயர் வைத்துக்கொள்வோம். எல்லா ஊரிலும் விளைகிற சரக்குதான் என்றாலும், வருஷத்தில் ஐந்து மாதம் பனி கொட்டுகிற கியூபெக் மாநிலத்தில், அதிலும் ஆற்றங்காற்று அறைகிற ரிமூஸ்கி ஊரில்தான், அது நன்றாகக் கொழுத்து வளர்கிறது. வளராமல் என்ன செய்யும்? ஜன்னல் பெரிது. வெளியே குளிர். கையில் காப்பி.

நல்ல மாதிரியாக ஒன்றைப் பிடித்துப் பார்ப்போமா? இதோ, நொர்மான் பூத்தியே. வயது அறுபத்தெட்டு. முப்பத்தொரு வருஷம் நெடுஞ்சாலை எடைநிலையத்தில் உட்கார்ந்து, லாரிகளை நிறுத்தி, நூறு கிலோ கூடுதலா குறைவா என்று பார்த்து ஓய்வு பெற்றவர். லாரிகள் நின்றுபோயின. பார்க்கிற கண் நிற்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய முதுகு பிடித்துக்கொண்டபோது, அவர் மனைவி முரியேல், இனிமேல் பனியை நீ அள்ளவே கூடாது என்று தீர்மானமாகச் சொல்லி, மனோன் என்ற பெண்ணிடம் குளிர்காலம் முழுவதற்கும் வேலையை ஒப்படைத்தாள். மனோனுக்கு நாற்பது வயது, சிவப்பு டிராக்டர், பனி அள்ள அறுபத்திரண்டு வீடு. டிராக்டரின் பின்னால் பனியை விழுங்கி ஓரமாகத் துப்புகிற இயந்திரம் பூட்டியிருக்கும். நவம்பரில் தரை இறுகுவதற்கு முன்னால் அவள் வந்து, ஒவ்வொரு வீட்டின் கார்ப்பாதைக்கும் இரண்டு பக்கத்திலும் செம்மஞ்சள் குச்சிகளை அடித்துவிட்டுப் போவாள். அப்புறம் பாதை எது, புல்தரை எது, பூச்செடி எது என்று கடவுளுக்கே தெரியாதபடி எல்லாம் வெள்ளையாகிவிடும். குச்சிக்கு மட்டும்தான் தெரியும். அதிகாலை இருட்டில், காற்று பனியை முகத்தில் அறையும்போது, இந்த ஊர் ஓட்டுநர்கள் நம்புவது அந்தக் குச்சியைத்தான்.

ஐந்து சென்டிமீட்டர் விழுந்தால் மனோன் வருவாள் என்பது பேச்சு. நொர்மான் தோட்டத்து மேஜையில் ஓர் அளவுகோலை நிறுத்தி வைத்திருந்தார். நாலரை சென்டிமீட்டர் ஆனதுமே செருப்பு மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிடுவார். ஐந்தைத் தொட்டுப் பத்து நிமிஷம் ஆகியும் டிராக்டர் சத்தம் கேட்கவில்லையென்றால் போனை எடுப்பார்.

"மனோன், குறை சொல்றேன்னு நினைச்சுக்காதேம்மா."

இந்த வாக்கியத்துக்கு அப்புறம் குறையைத் தவிர வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததாக வரலாறு இல்லை. எதிர்வீட்டுத் திபோவின் பாதையில் டிராக்டர் மூன்று முறை பின்னால் போனதே, நம் வீட்டில் இரண்டு முறைதானே போனது? அஞ்சல் பெட்டியின் காலடியில் ஒரு கைப்பிடி பனி மிச்சமிருக்கிறதே, அது யாருக்கு? துப்புகிற குழாயைக் கொஞ்சம் மேற்கே திருப்பினால் காற்று திருப்பிக் கொண்டுவராதே! மனோன் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்பாள். அவள் தலை மறைந்ததும் இவர், முரியேல் குளிக்கப்போகிற நேரம் பார்த்து, ஒளித்து வைத்த மண்வாரியோடு வெளியே போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த பாதையை இன்னொரு முறை சுரண்டிவிட்டு வருவார். வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

"போனியா?"

"எங்க?"

"மூக்கு சிவந்திருக்கு, நொர்மான்."

இதுவரைக்கும் எல்லாம் தமாஷ்தான். யாருக்கும் நஷ்டமில்லை, மனோனின் காதைத் தவிர. ஆனால் பிப்ரவரியில் முரியேலின் இடுப்பு வந்து குறுக்கே நின்றது.

இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் அவள் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்து வெகு காலம் ஆகிறது. மூட்டு மாற்றும் அறுவைக்கு வரிசையில் பெயர் கொடுத்துப் பதினாறு மாதம் காத்திருந்தார்கள். படி ஏறும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் நொர்மான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். கடைசியில் கடிதம் வந்தது: பிப்ரவரி பதினொன்று, செவ்வாய், காலை ஆறரைக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தவறினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான், எத்தனை மாதம் என்று அவர்களுக்கே தெரியாது. கடிதத்தைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பால் எடுப்பார்கள்.

பத்தாம் தேதி காலை வானொலி சொல்லிவிட்டது. நாளைக்கு நாற்பது சென்டிமீட்டர், கூடவே வடகிழக்குக் காற்று.

அன்று மத்தியானத்துக்குள் நொர்மான் மனோனுக்கு மூன்று முறை போன் செய்தார். மூன்றாவது முறை அவள் சொன்னாள்:

"சார், அக்காவுக்கு ஆபரேஷன்னு எனக்குத் தெரியாதா? ரூட்டையே திருப்பிப் போட்டாச்சு. அறுபத்திரண்டு வீட்டுல உங்க வீடுதான் முதல்ல. நாலே முக்காலுக்கு அங்க இருப்பேன். நீங்க நிம்மதியா படுங்க."

வேறு யாராவது என்றால் நிம்மதியாகப் படுத்திருப்பார்கள். நம் ஆள் ஜன்னலுக்குப் போனார். பாதையைப் பார்த்தார். முரியேல் காரில் ஏற வேண்டுமானால் கதவு முழுசாகத் திறக்க வேண்டுமே, ஊன்றுகோலோடு திரும்ப இடம் வேண்டுமே, மனோன் குச்சியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடித்துவிட்டாளோ? சொன்னால் "சரி சார்" என்பாள். அவ்வளவுதான். அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? குச்சி நம் வீட்டு வாசலில்தானே இருக்கிறது!

மாலை நாலு மணிக்கு, வெளிச்சம் மங்குவதற்குள், கெட்டிலில் வெந்நீரோடு வெளியே போனார். உறைந்த தரையில் இறுகிப்போயிருந்த இடது பக்கக் குச்சியைச் சுற்றி ஊற்றி, அசைத்து அசைத்துப் பிடுங்கி, மூன்றடி தள்ளிப் பனிக்குவியலுக்குள் செருகினார். நிமிர்ந்து பார்த்தார். எடைநிலையத்தில் ஒரு நல்ல நாள் முடிந்த மாதிரி இருந்தது. பிள்ளைபோல் தூங்கினார்.

மறுநாள் காலை சொன்ன சொல் தவறாமல் நாலே முக்காலுக்கு மனோனின் விளக்கு தெருமுனையில் தெரிந்தது. அறுவைக்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதென்பதால் முரியேல் வெறும் வயிற்றோடு கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நொர்மான் அவளுக்குத் தெரியாமல் குளியலறையில் நின்று காப்பி குடித்துவிட்டு ஜன்னலுக்கு வந்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை, அதற்குப் பின்னாலும் வெள்ளை. டிராக்டர் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது, பனியை வில்லாக வளைத்து எறிந்தது, காருக்குப் பின்னால் வரைக்கும் வந்து இடது குச்சியைப் பார்த்து அகலமாக ஒடித்தது.

அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. இரும்புச் சட்டி நிறையக் கூழாங்கல் போட்டுக் குலுக்கினால் கேட்குமே, அது. டிராக்டர் நின்றது. காருக்கு நேர் பின்னால், பாதையை அடைத்துக்கொண்டு நின்றது.

நொர்மான் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினார். மனோன் இறங்கி இயந்திரத்தின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனியை உள்ளே இழுக்கிற திருகில் பூசணிக்காய் அளவில் ஒரு கல் மாட்டியிருந்தது.

"சார், பாதையில கல்லு எப்படி வந்துச்சு?"

"கல்லு அங்கயேதாம்மா இருக்கு. ரோஜாச் செடிக்கு ஓரம் கட்டினது. மூணு வருஷம் ஆச்சு. நானேதான் பொறுக்கிட்டு வந்து வெச்சேன்."

"அப்ப குச்சி எப்படி இங்க வந்துச்சு?"

நொர்மான் திபோவின் வீட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வாசற்கதவில் ஊன்றுகோல் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நொர்மான்," என்றாள் முரியேல். "நேத்து சாயங்காலம் கெட்டிலைத் தூக்கிக்கிட்டு வெளிய போனியே. யாருக்கு டீ போட்டுக் குடுத்த?"

"நீ ஏறுறதுக்கு..." அவர் கார்க்கதவைக் காட்டினார். "கதவு நல்லா திறக்கட்டும்னு, மூணே மூணு அடிதான் நகர்த்தினேன்."

மனோன் அந்த ஊர் வழக்கப்படி திட்ட ஆரம்பித்தாள். அங்கே கோபம் வந்தால் தேவாலயத்துச் சாமான்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பீடத்தில் ஆரம்பித்து, கிண்ணம், அப்பம் என்று ஒன்று விடாமல் கூப்பிட்டு முடித்தாள். முடித்ததும் மணியைப் பார்த்தாள். ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். டாக்ஸிக்குப் போன் செய்தார்கள்; இந்தக் காற்றில் எவன் எடுப்பான்? முரியேல் ஊன்றுகோலின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சாலையையே பார்த்தாள். பதினாறு மாதத்தை மூன்றடியில் தொலைத்துவிட்டோமே என்று நொர்மான் தலையில் கைவைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதுவிடுவார் போலிருந்தது.

"கல்லை நெம்பி எடுத்துட்டா ஆணியை மாத்திடலாம்," என்றாள் மனோன். கல் மாட்டினால் இயந்திரம் உடையாமல் தான் உடைவதற்கென்றே அதில் ஆணிகள் உண்டு. ஒரு காப்பி டப்பா நிறைய அவள் வைத்திருந்தாள். "ஒரு ஆள் விளக்குப் பிடிக்கணும். சார், பிடிப்பீங்களா?"

"பிடிக்காம? இதோ பாரு, முதல்ல நீ அந்தத் திருகைக் கொஞ்சம் பின்னால..."

"சார், பேசாம பிடிப்பீங்களான்னு கேட்டேன்."

வாசகர்களே, ஜன்னல் மேஸ்திரிக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா? இத்தனை நாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்த வேலை இப்போது மூக்குக்குக் கீழே நடக்கிறது, வாய்க்குப் பூட்டு! மனோன் கடப்பாரையைக் கல்லின் இந்தப் பக்கம் கொடுக்கிறாள். அந்தப் பக்கம் அல்லவா கொடுக்க வேண்டும்? வாயைத் திறந்தார். ஒரு வாய் பனி உள்ளே போனது. மூடிக்கொண்டார். கல் இந்தப் பக்கமாகவே வந்தது. பதினான்காம் நம்பர் ஸ்பேனரை எடுக்கிறாள். பதினாறு அல்லவா வேண்டும்? தொண்டை வரை வந்ததை விழுங்கினார். பதினான்குதான் சரியாகப் பொருந்தியது. மூக்கு ஒழுகியது, விளக்கு மட்டும் அசையவில்லை. இருபத்தேழு நிமிஷம்! எடைநிலையத்து நண்பர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

கடைசி ஆணி இறுகிய அதே நேரத்தில் நகராட்சியின் பெரிய வண்டி தெருவைச் சீவிக்கொண்டு வந்து, வழக்கம்போல, வாசலுக்குக் குறுக்கே இடுப்புயரத்துக்கு ஒரு பனிக்கரையைக் கட்டிவிட்டுப் போனது. நொர்மானின் உதடு துடித்தது. முரியேல் ஊன்றுகோலால் அவர் பூட்ஸைத் தட்டினாள்.

மனோன் அந்தக் கரையையும் விழுங்கித் துப்பிவிட்டு, கையால் சைகை காட்டினாள், பின்னாலேயே வாங்க என்று. ஆஸ்பத்திரிக்கு மலைமேல் ஏறுகிற சாலை வரைக்கும் டிராக்டர் முன்னே வழிவெட்டிக்கொண்டு போக, கார் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனது. பாக்கி அறுபத்தோரு வீட்டிலும் அறுபத்தோரு ஜன்னலில் அப்போது யார் யார் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார்களோ, மனோனுக்குத்தான் வெளிச்சம். ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டும்போது ஆறு இருபத்தெட்டு.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைக்காதே," என்றாள் முரியேல், சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே வாயைத் திறக்கமாட்டேன்," என்றார் நொர்மான். கண்ணில் தண்ணீரோடுதான் சொன்னார். மனசாரச் சொன்னார்.

ஏழேகாலுக்கு இளவயது மருத்துவர் ஒருவர் ஊதா நிறப் பேனாவோடு வந்தார். எந்தப் பக்கத்து இடுப்பு என்று முரியேலிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு, இடது இடுப்பில் ஒரு கோடு போட்டார். நொர்மான் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குனிந்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"டாக்டர், குறை சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க..."

"டாக்டர்," என்றாள் முரியேல், "முதல்ல அந்தக் கோட்டு மேல துணி போட்டு மூடுங்க. இந்த ஆளு மூணடி நகர்த்திடுவார்."

பாவம் நொர்மான் என்று சிரிக்கிறீர்கள். நல்லவேளை, நாமெல்லாம் அப்படி இல்லை, இல்லையா? போன மாதம் உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவரின் ஏணிக்குக் கீழே காப்பி டம்ளரோடு அண்ணாந்து நின்றது யாரோ. ஆட்டோக்காரருக்கு அவர் பிறந்து வளர்ந்த தெருவில் வழி சொன்னதும் யாரோ. அதெல்லாம் போகட்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, கல் இருக்கிற விஷயத்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம், முடிவை ஒரு பத்தி முன்னதாகவே வைத்திருக்கலாம் என்று மனசுக்குள் ஒரு குச்சியைப் பிடுங்கி மூன்றடி தள்ளி நட்டீர்களா, இல்லையா?

குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.