மரியாதைப் பசிக்காரர்

மரியாதைப் பசிக்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கோயில் வாசலிலோ பிறந்தநாள் விருந்திலோ இளவட்டம் ஏதாவது எதிரே வந்தால், கைபேசியைப் பைக்குள் போட்டு, சட்டையை இழுத்துவிட்டு, முகத்தில் ஓர் ஆசீர்வாதத்தைத் தயாராக ஏற்றிக்கொண்டு நிற்பார். வந்தவன் "ஹாய் அங்கிள்" என்று கையாட்டிவிட்டுக் கடந்தால் போச்சு. அன்று சாம்பாரில் உப்பு அதிகம், டெக்ஸஸ் வெயில் மோசம், உலகம் கெட்டுவிட்டது. "நான் எதிர்பார்க்கலப்பா, ஆனா செஞ்சா நல்லாத்தானே இருக்கும்?" என்பார். எதிர்பார்க்காதவர் எதற்காகக் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்திருக்கிறார்?

டெக்ஸஸில் காப்பெல் என்ற ஊரில் இருக்கும் பாலசுப்ரமணியன் இந்த இனத்தின் அசல் மாதிரி. அமெரிக்கா அவருக்குச் செய்த முதல் அநியாயம், பெயரைப் பாதியில் வெட்டியது. மகன் வயது மேனேஜர் "ஹே பாலா" என்கிறான். மகள் வான்மதி ஹெட்ஃபோனைக் கழற்றாமலே "வாட்?" என்கிறாள். மனிதர் எங்கே போவார்?

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்கு நேபாளத்துக் குடும்பம் ஒன்று குடிவந்தது. வீட்டுக்காரர் பிரகாஷ் அதிகாரி முதல் நாளே வேலியோரம் வந்து கைகூப்பினார்.

"நமஸ்தே, தாய்!"

பாலா பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

நேபாளியில் 'தாய்' என்றால் அண்ணன் என்று விளங்கியபோது அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மனைவி ஷ்யாமளாவைத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. அவளை அவர்கள் 'திதி' என்று அழைத்தார்கள். "நான் உயிரோடதானே இருக்கேன்? எனக்கு எதுக்குத் திதி?" என்று பதறியவள், அக்கா என்று பொருள் தெரிந்த பிறகே காபி போட்டாள்.

அதற்கப்புறம் பாலாவைப் பிடிக்க முடியவில்லை. பிரகாஷ் வீட்டில் எது கொடுத்தாலும் வலக்கையால் கொடுத்து, இடக்கையால் முழங்கையைத் தொட்டுக்கொள்வார்கள். எதற்கும் 'ஐயா' என்பதுபோல் மரியாதையாக 'ஹஜூர்' என்பார்கள். அந்த ஒரு 'ஹஜூருக்காக' பாலா வாராவாரம் போய்க் கடன் கேட்டார், ஸ்க்ரூடிரைவரை. அவர் காராஜில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமலா?

இதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. இந்த இனத்துக்கு ஒரு கெட்ட பழக்கம்: வெளியே கிடைத்ததை அளவுகோலாக்கி வீட்டுக்குள் எடுத்துவரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தபோது வான்மதி சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. பாலா அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்.

"பக்கத்து வீட்டு ப்ரதீக்ஷாவைப் பார்! அவளும் உன் வயசுதானே? உனக்கு மரியாதைன்னா என்னன்னாவது தெரியுமா?"

வான்மதி அழுதுகொண்டே மாடிக்குப் போனாள். பள்ளிப் பேருந்தில் அவளுக்கு இருந்த ஒரே தோழி ப்ரதீக்ஷா. மறுநாளிலிருந்து அவள் அருகில் உட்காருவதை வான்மதி நிறுத்திவிட்டாள். அப்பாவோடு பேசுவதையும்.

இப்படி இருக்கையில் தசைன் வந்தது. நேபாளிகளின் பெரிய பண்டிகை. வீட்டுப் பெரியவர்கள் தயிரும் அரிசியும் குங்குமமும் பிசைந்து நெற்றியில் அப்பி ஆசீர்வதிப்பார்கள், சின்னவர்கள் காலில் விழுவார்கள். அழைப்பு வந்ததும் பாலா பட்டு வேட்டி கட்டினார். ஷ்யாமளா கெஞ்சியதால் வான்மதியும் வந்தாள், உம்மென்று.

போக்கராவிலிருந்து வந்திருந்த பிரகாஷின் அப்பா சோபாவில் உட்கார்ந்திருந்தார். பிரகாஷ் பாலாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, "தாய், நீங்களும் பெரியவர். நீங்களும் ஆசீர்வாதம் பண்ணணும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பாலாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிரகாஷ் விழுந்தார், பிரகாஷின் மனைவி விழுந்தாள், அக்கம்பக்கத்து நேபாளிப் பையன்கள் வரிசையாக விழுந்தார்கள். எத்தனை வருஷத்துப் பசி!

அடுத்து ப்ரதீக்ஷா வந்தாள். பாலா பாதங்களைச் சரிசெய்துகொண்டார். அவள் குனியவில்லை. பாலா தொண்டையைக் கனைத்தார். அப்போதும் குனியவில்லை. தாத்தா அவள் நெற்றியில் குங்குமத்தை அப்பிவிட்டு, முட்டி மடமடவென்று சத்தம் போட, மெல்ல இறங்கி, பேத்தியின் காலில் தலையை வைத்தார்.

"என்ன ஆச்சு? மூக்குக்கண்ணாடி விழுந்துடுச்சா?" என்று பாலா பதறி எழுந்தார்.

பிரகாஷ் சிரித்தார். "இல்ல, தாய். எங்க வீட்டு வழக்கம் இது. வீட்ல பொறந்த பொண்ணுங்க எங்க கால்ல விழக்கூடாது. நாங்கதான் அவங்க கால்ல விழணும்."

அடுத்து நின்றவள் வான்மதி. தாத்தா அவளுக்கும் குங்குமம் வைத்தார். பிறகு பாலாவைப் பார்த்து, உங்கள் பெண், உங்கள் முறை என்பதுபோல் கைகாட்டினார்.

"அப்பா, ப்ளீஸ். யூ டோன்ட் ஹேவ் டு" என்றாள் வான்மதி. பல நாட்களுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவள் பார்வை தரையில் இருந்தது. ஷ்யாமளா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாலா குனிந்தார். தொப்பை பாதி வழியில் மறித்தது. மூச்சைப் பிடித்து, பட்டு வேட்டி கசங்க மண்டியிட்டு, மகளின் சாக்ஸைத் தொட்டார். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்தினது தப்பு, கண்ணு" என்றார், இத்தனை பேர் முன்னாலேயே.

"அப்பா! ஸ்டாப்!" என்று கத்தி அவளும் மண்டியிட்டாள். இருவர் மண்டையும் நங்கென்று மோதின. வலியில் முதலில் சிரித்தது வான்மதி. ப்ரதீக்ஷா ஓடிவந்து இருவரையும் தூக்கிவிட்டாள். அன்று சாப்பாட்டில் இரண்டு பெண்களும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஆக, பாலா திருந்திவிட்டார் என்கிறீர்களா? போன வாரம் கோயிலில் பார்த்தேன். நாலு இளைஞர்களை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெத்த பொண்ணு கால்லயே விழுந்தவன் நான். இந்த ஊர்ல வேற யாராவது செஞ்சிருக்காங்களா?" சொல்லிவிட்டுக் காத்திருந்தார். காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறாயே, நீ எப்படி?

பார்த்தீர்களா? ஒரே ஒரு 'நீ'. அதற்கே புருவம் இவ்வளவு மேலே போய்விட்டதே, ஹஜூர்!