மாமியார் வீட்டுக் கொல்லையில் நட்ட குழாய்

மேன்மை மிகுந்த மாப்பிள்ளை யெஃப்தா அவர்களின் சமூகத்துக்கு,

தும்பாங் ராவியிலிருந்து மாமனார் தேஹேன் சலம்பக் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் நலம், ஆறு நலம், கோழிகள் நலம். பாலங்கராயா நகரத்தில் நீங்களும், மகள் நோவியும், புதிதாய்ப் பிறந்த பேரனும், அவனைக் குளிப்பாட்ட அங்கே வந்திருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் முதல் பத்தியாவது மரியாதையாக இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அந்தப் பத்தி இத்துடன் முடிந்தது.

உங்கள் கையெழுத்துடன் அலுவலகத்திலிருந்து வந்த தாள் கிடைத்தது. ‘தங்கள் ஊரில் சதுப்பு நில மீட்புப் பணியின் வெற்றியை எவ்வாறு மதிப்பிடுகிறீர்கள்? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் இடுக’ என்று கேட்டிருக்கிறீர்கள். தலை நரைக்கும்வரை தலைமையாசிரியராக இருந்து விடைத்தாள் திருத்தியவன் நான். பூஜ்யம் போட இடமே விடாத தாளை இப்போதுதான் பார்க்கிறேன். வினாத்தாளையும் பையனே தயாரித்து, விடையையும் பையனே எழுதி, திருத்துவதும் அவனே என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எவனும் ஃபெயிலாக மாட்டான். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். இங்கே சிக்னல் கிடைப்பது அணை மேட்டில் மட்டும். அங்கே நின்று உங்களைத் திட்டினால் ஊர் முழுக்கக் கேட்கும். ஆகவே கடிதம். கொல்லையில் நீங்கள் நட்டுவிட்டுப் போன, நீர்மட்டம் அளக்கும் குழாய்க்கு மட்டும் எப்படியோ வானத்திலிருந்து சிக்னல் கிடைத்துவிடுகிறது. தினமும் உங்கள் அலுவலகத்துக்குக் கோள் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கறுப்புச் சதுப்பைப் படித்தவர்கள் சும்மா விட்டதே இல்லை. அந்தக் காலத்தில் வந்தவர்கள் நெல் விளைவிப்போம் என்று வாய்க்கால் வெட்டி இருந்த தண்ணீரையெல்லாம் வடித்தார்கள். நெல் விளையவில்லை, சதுப்பு காய்ந்து பூமிக்கடியில் தீப்பிடித்ததுதான் மிச்சம். மாதக்கணக்கில் புகையைக் குடித்தோம். அடுத்து வந்த உங்கள் ஆட்கள், வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் நெருப்பு வராது என்று மரக்கட்டையும் மணல்மூட்டையும் போட்டு அணை கட்டினார்கள். அதுவரை சரி. பிறகு, அது பலித்ததா என்று அளக்க உங்களை அனுப்பினார்கள். அங்கேதான் வினை.

நீங்கள் குழாய் நட வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோணியில் வாய்க்கால் வழியே போய், இறங்கி நடந்து, சதுப்பின் நடுவில் நட வேண்டியது அது. தூறல் விழுந்தது. உங்கள் காலில் ஓர் அட்டை ஏறியது. அடுப்படியில் உங்கள் மாமியார் மீன் போட்டுப் பிரம்புக் குருத்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் வாசனையை ஒருமுறை இழுத்தீர்கள். பிறகு கொல்லையைப் பார்த்தீர்கள்.

“மாமா, சதுப்புன்னா எல்லாம் ஒண்ணுதானே? இங்கேயே நட்டா பாத்துக்க ஆளும் இருக்கும்” என்றீர்கள்.

“மாப்பிள்ளை, அது சமையல்கட்டுத் தண்ணி விழுற பள்ளம்” என்றேன்.

“அறிவியல்ல அதெல்லாம் கணக்குல வராது மாமா. குழம்பு ஆயிடுச்சா?”

மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். துளை போட்ட அந்த பிளாஸ்டிக் குழாய், தலையில் சூரியத் தகட்டுடன் எங்கள் அடுப்படிக்குப் பின்னால் முளைத்தது. அதற்குப் பிறகு நடந்த கூத்துதான் உங்கள் அலுவலகம் கொண்டாடிய வெற்றி. தண்ணீர் தரைக்குக் கீழே ஒரு முழத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். இங்கே எப்படி இறங்கும்? உங்கள் மாமியார் ஒரு கரண்டியைக் கழுவ ஒரு குடம் தண்ணீர் செலவழிப்பவள். அரிசி களைவது, மீன் அலசுவது, துணி துவைப்பது, பக்கத்து வீட்டிலிருந்து வந்த சுத்தமான தட்டையும் நம்பாமல் மறுபடி கழுவுவது, எல்லாமே பலகைத் தரை இடுக்கு வழியாக அந்தப் பள்ளத்தில்தான் இறங்கின. கோடையிலும் வற்றாத அதிசயச் சதுப்பு என்று நீங்கள் மேடையில் பேசினீர்களாம். கேடயம் வாங்கினீர்களாம். கேடயத்தோடு நீங்கள் நிற்கும் படத்தை நோவி அனுப்பியிருந்தாள். பாத்திரம் கழுவியவளின் படம் அதில் இல்லை.

இப்படியிருக்கும்போது கர்த்தர் உங்களுக்கு ஓர் ஆண்பிள்ளையைக் கொடுத்தார். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள மாமியாரை வரச் சொன்னீர்கள். அவள் மூட்டை கட்டிக்கொண்டு படகேறினாள். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது ஊரறிந்த சங்கதி. வேளைக்கு வேளை பக்கத்து வீட்டு அனாங் தட்டில் சோறும் விராலும் கொண்டுவந்து வைத்தான். அனாங்கை உங்களுக்குத் தெரியும். அணையைத் தாண்டித் தோணியை இழுத்துப் போய்ச் சதுப்புக்குள் மீன்கூண்டு வைக்கும் பஞ்சார் இனத்து ஆள். நான் தின்றேன், தட்டைக் கழுவ அவனே எடுத்துப் போனான். என் அடுப்படிப் பள்ளம் காய்ந்தது. குழாய் வானத்துக்குக் கோள் சொல்லிவிட்டது.

வந்தார்கள் உங்கள் ஆட்கள். தலைவராக டாக்டர் விர்யவான், ஊசி போடாத டாக்டர். முழங்கால்வரை பூட்ஸ். குழாயைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், முகத்தைத் தொங்கப்போட்டார். பத்தடி தள்ளி நிற்கும் அடுப்படியை மட்டும் பார்க்கவில்லை.

“யாரோ அணையை உடைச்சுத் தண்ணிய வெளிய விட்டிருக்காங்க. அணை மேல யாரு போய் வர்றது?” என்று ஊர்த் தலைவரைக் கேட்டார்.

ஊர்த் தலைவர் யோசிக்காமல் அனாங்கைக் கைகாட்டினார். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கோடை முடியும்வரை வாய்க்கால் பக்கம் போவதில்லை என்று உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார்கள்.

“என் கூண்டெல்லாம் உள்ள கிடக்கு சார். கோடைலதான் மீனே விழும். இப்ப போகாதேன்னா நான் என்னத்தத் திங்கிறது?” என்றான் அனாங்.

“நாட்டுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்றார் டாக்டர். அன்று மாலையும் அனாங் எனக்குச் சோறு கொண்டுவந்தான். விரால் சின்னதாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் உங்கள் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் பிழைப்பு போகும். மகள் முகம் ஒரு பக்கம், மீன் தட்டு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தேன். வயசான காலத்தில், மூட்டுவலி உள்ளவன், ஆற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து உங்கள் குழாய்ப் பள்ளத்தில் ஊற்றினேன். குழாய் காட்டும் எண் ஏறினால் வழக்கை விட்டுவிடுவார்கள் என்பது என் எண்ணம். எண் ஏறியது. டாக்டரோ, “பாத்தீங்களா, உறுதிமொழி வேலை செய்யுது” என்று சொல்லி அதைப் பாடமாகவே எழுதிக்கொண்டார். உறுதிமொழியை அடுத்த கோடைக்கும் நீட்டலாம் என்றார். நான் ஊற்றிய ஒவ்வொரு வாளியும் அனாங் தலையில் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அறிவியல் என்பது இவ்வளவு நேர்த்தியாகத் தப்பான இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நான் நினைக்கவில்லை.

நேற்றுக் காலை, இனி ஊற்றுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அனாங்.

“என்ன வாத்தியாரே, குழாய்க்குத் தாகமா?”

“செடிக்கு ஊத்துறேன்.”

“செடி எங்க?”

“வரும்.”

அவன் குழாயைப் பார்த்தான். அடுப்படியைப் பார்த்தான். ஆளில்லாமல் காய்ந்துகிடந்த பாத்திர மேடையைப் பார்த்தான். நேரே போய், ஊரில் தங்கியிருந்த டாக்டரையும் ஊர்த் தலைவரையும் கையோடு கூட்டி வந்துவிட்டான். “சார், உங்க தண்ணியத் திருடினவங்க பாலங்கராயாவுல இருக்காங்க. பேரனைக் குளிப்பாட்டிட்டு இருக்காங்க. போய்க் கையெழுத்து வாங்குங்க” என்றான். டாக்டருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், “இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தது?” என்றார். நான் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனாங்தான் சொன்னான்: “வாத்தியாரோட மாப்பிள்ளை. அன்னிக்கு இவங்க வீட்டுல பிரம்புக் குருத்துக் குழம்பு சார். வாசனை என் வீடு வரைக்கும் வந்துச்சு. அவரக் குத்தம் சொல்ல முடியாது.”

அத்தோடு விட்டிருந்தால் நல்லது. விடவில்லை. இந்த எண்களெல்லாம் பொய் என்றால் உள்ளே சதுப்பு நிச்சயம் காய்ந்துதான் கிடக்கிறது, அணை பிரயோஜனமில்லை, அதை உடைத்தவன் இவனேதான் என்று டாக்டர் புதிதாக ஒரு கணக்குப் போட்டார். உறுதிமொழி அப்படியே இருக்கிறது. இப்போது போலீஸ் என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. இன்று விடிந்ததும் வேறொரு குழாயைத் தூக்கிக்கொண்டு நடுச்சதுப்புக்குப் புறப்பட்டுவிட்டார்கள். வழி தெரிந்த ஒரே ஆள் என்று தோணி தள்ளுவதற்கும் அனாங்கையே இழுத்துப் போயிருக்கிறார்கள். குற்றவாளியே வழிகாட்டி.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அணை தோல்வி. திட்டம் தோல்வி. அளந்தவர் படுதோல்வி. மதிப்பெண் பூஜ்யம், தாளில் இடமில்லாததால் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். நீங்கள் நேரில் வந்து அனாங்கிடம் மன்னிப்புக் கேட்கும்வரை இந்த வீட்டுப் படியை மிதிக்க வேண்டாம். கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என் மனைவியையும் சீக்கிரம் திருப்பி அனுப்புங்கள், எனக்கு மாற்றிக் கட்ட வேட்டி இல்லை.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, முக்கியமாகப் போகும்போது அட்டைகளிடமிருந்து. மகளுக்கு அன்பு. பேரனுக்கு முத்தம். உங்களுக்கு வழக்கமான வணக்கம்.

இப்படிக்கு,
தேஹேன் சலம்பக்,
தலைமையாசிரியர் (ஓய்வு).

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டேன். தபால் படகு வருவதற்குள் மறுபடி பிரிக்க வேண்டியதாகிவிட்டது. சதுப்புக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். கழுத்துவரை கறுப்பு, டாக்டருக்கு ஒரு காலில் பூட்ஸ் இல்லை. நடந்ததை அனாங் படித்துறையில் நின்று சொல்ல, கூடப் போன பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமாம் போட்டார்கள். அணைக்கு மேற்கே, அடைக்காமல் விட்ட வேறு ஊர்க்காரர்களின் வாய்க்கால் பக்கமெல்லாம் புகைந்துகொண்டிருக்கிறதாம். நம் பக்கம் மட்டும் பச்சை. தோணியை நிறுத்தியதும் டாக்டர், “பாருங்க, மேலெல்லாம் காஞ்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். இறங்கியவர் இடுப்புவரை போய்விட்டார். அசைய அசைய இன்னும் போனார். பையன்கள் பதறினார்கள். அனாங் மட்டும் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தோணியிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

“சார், அணையை உடைச்சுத் தண்ணிய வெளிய விட்டது யாரு?”

“முதல்ல கயித்தப் போடுப்பா.”

“போடுறேன். யாரு விட்டதுன்னு சொல்லுங்க.”

“நீ இல்ல.”

“அப்ப வேற யாரு?”

டாக்டர் தன்னைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் பெல்ட்டுக்கு மேலே நின்றது. “யாரும் விடல. தண்ணி இங்கதான் இருக்கு” என்றார்.

“அதக் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. பசங்களுக்குக் கேக்கல.”

சத்தமாகச் சொன்ன பிறகுதான் கயிறு போனது. உறுதிமொழிக் காகிதத்தைக் கரை ஏறியதும் டாக்டரே கிழித்துப் போட்டார். அனாங் மீன்கூண்டு பார்க்க இப்போதே மறுபடி கிளம்பிவிட்டான். உங்கள் மன்னிப்பு வேண்டாமாம், இன்றைக்குப் பட்ட சந்தோஷமே போதுமாம். ஆகையால் அணை தோல்வி என்று மேலே நான் எழுதியதை அடித்துவிடுங்கள். திட்டத்தைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடுங்கள். படியை மிதிக்கலாம். ஐந்துக்கு ஐந்து போட்டுத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அது சதுப்புக்கு. உங்களுக்கான மதிப்பெண்ணை உங்கள் மாமியாரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும்.