நீந்தத் தெரியாதவன் இரண்டு உயிர் காத்த கதை

பிளாக்டவுன், சிட்னி
17-9-78, ஞாயிறு

அன்புள்ள மச்சான் ஜெயரட்ணத்துக்கு ஆனந்தராஜா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். அங்கே நீரும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தன் துணை. என் சுகத்தில் குறை என்றால் மேல்வாய்ப் பல்லுச் செட் ஒன்றுதான். அதைப் பின்னுக்குச் சொல்கிறேன். முதலில் சொல்லவேண்டியது வேறொன்று. இருபத்தைந்து வருசம் வயிற்றுக்குள் வைத்திருந்துவிட்டேன், இனியும் வைத்திருந்தால் சட்டைப் பொத்தான் தெறிக்கும். மச்சான், எனக்கு நீந்தத் தெரியாது.

இதை வாசித்ததும் நீர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்போட்டுத் திரும்ப வாசிப்பீர். எவ்வளவு துடைத்தாலும் அதேதான் எழுதியிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். ஆகையால் பிழைகளுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பவேண்டாம். போன கடிதத்துக்கு அப்படித்தான் செய்தீர். அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து இளைப்பாறினாலும் கை இளைப்பாறவில்லை.

இனிக் கீரிமலைக் கதைக்கு வருகிறேன். ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துப்போட்டு, கேணியில் ஒரு முழுக்குப் போட வந்தேன். நீர் எனக்கு முன்னால் படியில் நின்று நெற்றியை மூழ்கடிக்காமல் உடம்பை மாத்திரம் மூழ்கடிக்கிற வித்தையைச் செய்துகொண்டிருந்தீர், திருநீறு அழியக்கூடாது என்று. பிறகு நடந்தது என்ன? நீர் கால் தடுக்கித் தண்ணீருக்குள் போனதாகவும், சைக்கிள் கடை ஆனந்தராஜா பின்னாலே பாய்ந்து தூக்கினதாகவும்தானே ஊர் சொன்னது, உம்முடைய அப்பா சொன்னார், நீரும் சொன்னீர். உண்மை இதுதான். பாசியில் வழுக்கினது நான். விழப்போகிறவன் எதையாவது பிடிப்பான், எனக்குக் கிடைத்தது உம்முடைய இடுப்பு வேட்டி. இரண்டு பேரும் உள்ளே போனோம். நான் உம்முடைய கழுத்தைக் கட்டிக்கொண்டேன். நீர்தான் உதைத்து உதைத்து இரண்டு பேரையும் படிக்குக் கொண்டுவந்தீர். அதற்குள் குடித்த தண்ணீருக்கு உமக்கு மயக்கம். நீர் கண் விழித்தபோது நான் உம்மைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். "காப்பாத்திப்போட்டியே மச்சான்!" என்றீர். காப்பாற்றினது நான் இல்லை, மச்சான், என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கும் வாய் நிறையத் தண்ணீர்.

சனம் கூடிவிட்டது. ஒரு மாதம் கழித்து ஆவணியில் உம்முடைய அப்பா, கண்டியில் ஓவசியராக இருந்த, பென்சன் உள்ள, கோட்டு உள்ள மாப்பிள்ளையை விட்டுவிட்டு, மகனைத் திருப்பித் தந்தவனுக்கு மகள் என்று சந்திரவதனாவை எனக்குத் தந்தார். அதாவது மச்சான், உம்மைத் தண்ணீரில் தாட்டதற்கு எனக்குக் கிடைத்த பரிசு உம்முடைய தங்கச்சி. எஸ்.எஸ்.சி. படித்தவள். நான் அவளுக்குக் கொடுத்தது ரியூப் ஒட்டுகிற பசை மணம்.

இவ்வளவு காலம் சொல்லாதவன் இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர். மகள் ராதாவும் மருமகன் சிறிதரனும் எங்கள் இருபத்தைந்தாம் வருசக் கலியாண நாளுக்குப் பரிசு தருகிறோம் என்று வடக்கே குவீன்ஸ்லாந்துக் கரையில் ஒரு தீவுக்கு எங்களை அனுப்பினார்கள். நாங்களும் ஒரு சூட்கேஸ், ஒரு கூஜா, ஒரு போத்தல் இஞ்சிச் சாறு என்று போய் இறங்கினோம். தீவு நல்ல தீவு, தென்னைகூட உண்டு, ஆனால் ஒருவரும் தேங்காய் பறிப்பதில்லை, பார்த்துக்கொண்டு படுக்கிறார்கள். இரண்டாம் நாள் ஒரு படகு. கடலுக்கடியில் பவளத் தோட்டம் இருக்கிறதாம், வாயில் குழாயைக் கவ்வி, முகத்தைத் தண்ணீரில் போட்டு, மிதந்து மிதந்து பார்க்கவேண்டுமாம். பீற்றர் என்று ஒரு நெட்டைப் பெடியன் வழிகாட்டி. நீந்தத் தெரிந்தவர்கள் வலப்பக்கம், தெரியாதவர்கள் இடப்பக்கம் வந்து கயிற்றைப் பிடிக்கவேண்டும் என்றான். நான் இடப்பக்கம் திரும்பினேன். உம்முடைய தங்கச்சி என் சட்டைக் கொலரைப் பிடித்தாள்.

"எங்கை போறியள்? நீந்தத் தெரிஞ்ச ஆக்கள் அந்தப் பக்கம்."

"இண்டைக்கு அட்டமியப்பா. புதுக் காரியம் துவங்கக் கூடாது."

"அட்டமி முந்தாநாள் முடிஞ்சுது. அதோடை நீந்துறது உங்களுக்குப் புதுக் காரியமோ?"

"வெறும் வயித்தோடை எப்பிடி..."

"காலமை நாலு முட்டை திண்டியள்."

"அதைத்தான் சொல்லுறன், நிறைஞ்ச வயித்தோடை இறங்கக் கூடாது."

"உங்கட வயிறு தன்பாட்டிலை மிதக்கும். போங்கோ."

இதோடு விட்டாளா? பீற்றரைக் கூப்பிட்டு, இங்கிலீசில், கீரிமலையைப் படகுக்குக் கொண்டுவந்துவிட்டாள். என் இங்கிலீசு சில்லு, போல்ற், காசு இவ்வளவோடு நிற்கும், என்றாலும் அவள் கை போன போக்கில் நீர் விழுகிறதும், நான் பாய்கிறதும், சனம் கைதட்டுகிறதும் எனக்கே தெரிந்தது. கேணி இருந்த அளவைவிட நாலு மடங்கு பெருத்துவிட்டது. ஒரு இடத்தில் அவள் இரண்டு கையையும் விரித்து வாயைப் பிளந்தாள், முதலையும் இருந்ததோ தெரியாது. பீற்றர் என் முதுகில் தட்டி, அப்படியென்றால் இந்த அம்மாவுக்கு நீர்தான் துணை என்று ஒரு வெள்ளைக்கார அம்மாவின் பக்கத்தில் என்னை நிறுத்தினான். மிசிஸ் கூப்பர். எழுபது வயது, காய்ந்த முருங்கைக்காய் போல உடம்பு, தலையில் பூப்போட்ட ரப்பர்த் தொப்பி. என்னைப் பார்த்துச் சிரித்தா. பாவம், என்னை நம்பினா.

கண்ணாடி முகமூடி தந்தார்கள். அதைப் போடுமுன்னம் கண்ணாடிக்குள்ளே துப்பவேண்டும், மச்சான். மூச்சு ஆவி புகாராகப் படியாதாம். நாங்கள் ஒரு குவளையில் வாய்வைத்துக் குடித்தாலே எச்சில் என்று சொல்லுகிற சனம். இவர்கள் வரிசையாக நின்று துப்பி, விரலால் பூசி, முகத்தில் மாட்டுகிறார்கள். நான் பேந்தப் பேந்த முழிப்பதைக் கண்டு பீற்றர் என்னுடையதை வாங்கித் தானே துப்பித் தந்தான். நல்ல மனசு. பிறகு காலுக்கு வாத்தின் கால் மாதிரி ரப்பர்த் தாராக்கால். பிறகு குழாய். அதைப் பல்லால் கவ்வவேண்டும், என் மேல்பல்லோ குழாயோடு சேர்ந்து வெளியே வருகிறது. அதைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி உம்முடைய தங்கச்சியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு படகுக்குள்ளே போய்விட்டாள். அந்தப் படகின் அடியில் ஒரு பெரிய கண்ணாடி பதித்திருக்கிறார்கள், இறங்காதவர்கள் அதைச் சுற்றி வாங்கில் குந்தியிருந்து மீன் பார்க்கலாம். புருசன் மீன்போல நீந்துகிறதைப் பார்க்கப்போகிறாள் பாவம் என்று நினைத்தபடி நான் ஏணியில் இறங்கினேன். கடைசிப் படியில் நின்று, கீரிமலைத் தெய்வமே, அன்றைக்கு மாதிரி இன்றைக்கும் ஒரு ஜெயரட்ணத்தைத் தா என்று கும்பிட்டேன். ஏணி முடிந்தது.

தந்தது மிசிஸ் கூப்பரை. அந்த அம்மாவின் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்தவன்தான், படகுக்குத் திரும்புமட்டும் விடவில்லை. எலும்புதான், ஆனால் என்ன எலும்பு! காலை இரண்டு ஆட்டு ஆட்டினா, நான் பின்னாலே கட்டின வள்ளம் மாதிரிப் போனேன். முதல் கொஞ்ச நேரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தேவாரம் சொன்னேன். குழாய்க்குள்ளே தேவாரம் சொன்னால் பன்றி உறுமுகிற மாதிரித்தான் கேட்கும். பிறகு ஒரு கண்ணைத் திறந்தேன். மச்சான், பகிடி இல்லை. கூறைச் சேலைக் கடையை ஆரோ அப்படியே கடலுக்குள் கவிழ்த்துவிட்ட மாதிரி. பச்சை உடம்பும் நீலக் கரையுமாக ஒரு மீன், மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டு ஒரு மீன், ஆட்டுமூளை மாதிரி ஒரு கல், மான்கொம்பு மாதிரி ஒரு கல், இவ்வளவுக்கும் நடுவில் ஒரு மொத்தமான கொழுத்த மீன், உம்மைப்போலவே, வாயைக் கோணிக்கொண்டு, பிழை பிடிக்க வந்தமாதிரி என்னையே பார்த்தது. பயம் எங்கே போனதென்று தெரியாது. கையை மாத்திரம் விடவில்லை.

ஏறி வந்த பிறகுதான் விசயம். மிசிஸ் கூப்பர் தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லாருக்கும் முன்னால் சொன்னாவாம், நடுக்கடலில் தன் காலில் நரம்பு இழுத்துவிட்டது, இந்த மனிசர் மாத்திரம் பிடித்திருக்காவிட்டால் தான் போயிருப்பேன் என்று. படகு முழுக்கக் கைதட்டல். பீற்றர் என் கையைத் தூக்கிப் பிடித்தான். நான் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன், பல் இல்லாத வாயால் சொல்லியும் பார்த்தேன். அடக்கமான மனிசன் என்று இன்னும் கூடத் தட்டினார்கள். மிசிஸ் கூப்பர் என் கன்னத்தில் ஒரு கொஞ்சு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் உம்முடைய தங்கச்சி எதிரே நின்று சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர்.

"இருவத்தஞ்சு வருசத்துக்குப் பிறகும் ஒரு உயிரைக் காப்பாத்திப்போட்டியள், என்னப்பா," என்றாள். "அண்ணாவுக்கு எழுதவேணும்."

அதுதான், மச்சான், என்னைச் சுட்டது. ஒரு பொய்யோடு குடும்பம் நடத்தலாம், பழகிப்போகும். இரண்டு பொய் கனக்கிறது. அவள் ஓவசியர் பெண்சாதியாகக் கண்டியில் குளிரில் கம்பளிபோட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கவேண்டியவள். நான் விழுந்ததால், நீர் மயங்கினதால், உம்முடைய அப்பா பிழையாக விளங்கினதால், எனக்கு வாழ்க்கைப்பட்டு, இந்த ஊருக்கும் வந்து, பாக்டரியில் பிள்ளைவண்டிக்குச் சில்லுப் பூட்டுகிறவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறாள். இதைச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? ஒன்றும் சொல்லாமல் அந்த ஓவசியரை நினைப்பாளோ? எனக்கு அது ஒன்றுதான் பயம். கடல்கூட இவ்வளவு பயம் இல்லை. நீர் அவளுடைய தமையன், அவள் மனம் தெரிந்தவர். சொல்லட்டுமா, விடட்டுமா? நீர் சொல்லுகிறபடி செய்கிறேன். சொல்லு என்றால் சொல்கிறேன். விடு என்றால் இனி எவ்வளவு பெரிய தண்ணீரைக் கண்டாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

பதிலை வீட்டுக்குப் போடவேண்டாம். கிரவீனில் இருக்கிற பழனிசாமியின் விலாசத்துக்குப் போடும், உறையின் பின்பக்கத்தில் அவரே எழுதியிருப்பார். கோயம்புத்தூர்க்காரர், என்னோடு சில்லுப் பூட்டுகிறவர், மரியாதை தெரிந்த மனிசன். எனக்கு இங்கிலீசில் விலாசம் எழுத வராது என்பதால் நாளைக்கு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துத்தான் தபாலில் சேர்க்கப்போகிறேன். எப்போதும் கடைசியில் உம்முடைய தங்கச்சி இரண்டு வரி எழுதுவாளே, இந்த முறை இல்லையே என்று யோசிக்கவேண்டாம். அவளுக்குத் தலையிடி என்று நினைத்துக்கொள்ளும்.

பல் விசயம்: தீவை விட்டு வரும்போது கைப்பையில் பார்த்தால் கைலேஞ்சி இருக்கிறது, பல்லைக் காணோம். மருமகன் படகுக்காரருக்கு எழுதினார். அவர்கள் தேடி, பஞ்சில் சுற்றி, யாரோ ஒருவருடைய கீழ்ப்பல்லை அனுப்பியிருக்கிறார்கள். என்னுடையது மேல்பல். ஒன்பது நாளாகக் கஞ்சி குடிக்கிறேன். பொய் சொன்ன வாய்க்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

உமக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. பெரியவர்கள் ஆரும் கேட்டால் நான் நன்றாக நீந்துகிறேன் என்று சொல்லும்.

இப்படிக்கு,
உம்முடைய உயிரைக் காப்பாற்றாத மச்சான்,
சி. ஆனந்தராஜா

பி.கு.

18-9-78

அன்புள்ள அண்ணா,

வதனா எழுதுகிறேன். எனக்குத் தலையிடி இல்லை. பழனிசாமித் தம்பி பின்னேரம் கடிதத்தைக் கொண்டுவந்து, "அக்கா, அண்ணன் உங்க ரெண்டு வரியை வாங்க மறந்துட்டாருங்க. தங்கச்சி எழுதாத கடுதாசி ஊருக்குப் போனா நல்லா இருக்காதுன்னு ஒட்டாம கொண்டாந்தேன்" என்று தந்துவிட்டுப் போனார். மரியாதை தெரிந்த மனிசன்தான். முழுக்க வாசித்தேன். இவர் பின்வளவில் பேரனோடு விளையாடுகிறார், நான் எழுதுவது தெரியாது.

இவருக்கு நீந்தத் தெரியாது என்று கலியாணம் முடித்த முதல் கிழமையே எனக்குத் தெரியும். கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் தலையில் வார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு முருகா என்கிறவர் கேணிக்குள் பாய்வாரோ? இருபத்தைந்து வருசமாகத் தன் வாயால் எப்போது சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் அந்தக் கதையை எடுத்ததும் அதுக்குத்தான். சொல்லுவார் என்று நினைத்தேன், மனிசன் கடலுக்குள் இறங்கிவிட்டார். ஆர் ஆரைப் பிடித்திருந்தது என்பதை அடிக்கண்ணாடியால் நன்றாகப் பார்த்தேன். சிரித்துச் சிரித்துத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஓவசியரை நான் ஆனி மாதமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேணியில் நீங்கள் விழுந்தது ஆடியில். அந்த நாளில் உங்களுடைய சைக்கிளுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காற்றுப் போகுதே, இது என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். வால்வைத் திறந்துவிட்டது நான்தான். அதை உருட்டிக்கொண்டு இவருடைய கடைக்குப் போனதும் நான்தான். மன்னியுங்கள்.

பதில் பழனிசாமித் தம்பியின் விலாசத்துக்கே போடுங்கள். இவருக்கு "விடு" என்று எழுதுங்கள். இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கட்டும்.

படகில் இவர் தந்த கைலேஞ்சியில் காலையில் தின்று மிச்சம் வைத்த பாண் துண்டு இருக்கிறது என்று நினைத்து ஓரத்தில் நின்று மீனுக்கு உதறினேன். மீன்கள் வந்தன. பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.

தங்கை,
சந்திரவதனா