பவித்ராவை ஜேர்மனிக்கு அனுப்பாத வரவேற்பு விழா

எங்கள் பக்கத்தில் ஒரு விருந்தாளியை ஓட வைக்க நாயை அவிழ்த்துவிட வேண்டியதில்லை. ஒரு வரவேற்புரை போதும். இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த வரவேற்புரையை ஆற்றியவன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பதுளையில் ஒரு டியூஷன் வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். (எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்காதீர்கள். என் மாணவர்களும் கேட்டதில்லை.) அத்தோடு, கொழும்பில் இயங்கும் ஒரு தேசியச் சங்கத்துக்கு ஊவா மாகாண ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தேன். நாடு முழுவதும் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம் அது. நம் பிள்ளைகளை ஒரு வருடம் வெளிநாட்டுக் குடும்பங்களோடு தங்கிப் படிக்க அனுப்புவார்கள். அங்குள்ள பிள்ளைகளை இங்கே வரவழைப்பார்கள். ஊவாக் கிளையில் நான் இருந்தேன், பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருக்கும் நிஸாம் நானா இருந்தார், கூட்டத்துக்கு வராதவர்கள் பலர் இருந்தார்கள். பதவிக்குச் சம்பளம் கிடையாது, ஒரு பேட்ஜ் மட்டும் உண்டு. குளிக்கும்போது தவிர அதை நான் கழற்றியதில்லை.

தேயிலைத் தோட்டங்களில் இந்தச் சங்கத்துக்கு ஆள் பிடிப்பது லேசான வேலை இல்லை. எங்கள் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வெளிநாடு என்றால் சவூதி, குவைத். அங்கே போவது படிக்க இல்லை, வீட்டு வேலைக்கு. கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தாயிடம் அரை நாள் விளக்கிவிட்டு, சந்தேகம் ஏதும் உண்டா என்று கேட்டேன்.

"அந்த வீட்டுல எத்தன புள்ளைங்க? வயசானவங்க யாரும் இருக்காங்களா, தூக்கிவிட?" என்றார்.

"இல்லம்மா, உங்க புள்ளைய அவங்க பாத்துக்குவாங்க. இவ ஸ்கூலுக்குப் போனாப் போதும்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏஜென்சிக்காரனும் இப்பிடித்தாங்க சொன்னான்" என்று எழுந்து கொழுந்து பறிக்கப் போய்விட்டார்.

இப்படி நான் ஊரெல்லாம் சுற்றியும் கிடைக்காத பிள்ளை, என் சித்தப்பா வீட்டிலேயே இருந்தாள். பவித்ரா. பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், சாதாரண தரப் பரீட்சை முடித்துவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்தவள். சித்தப்பா இறந்த பிறகு சித்தி ஒருத்தியாகக் கொழுந்து பறித்து அவளைப் படிக்க வைத்தாள். பவித்ரா என்னிடம் சொல்லாமலே விண்ணப்பித்து, கொழும்புக்குப் போய் நேர்முகத்திலும் தேறிவிட்டாள். ஜேர்மனியில் ஒரு வருடம். மாகாணத்துக்கு ஒரே ஓர் இடம். கடைசிச் சுற்றுக்கு அவளும் வெலிமடையிலிருந்து ஒரு பையனும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். வயது எல்லை காரணமாக இருவருக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு.

அந்தக் கடைசிச் சுற்று ஒரு வீட்டுச் சந்திப்பு. கொழும்பிலிருந்து ஒருவர் பிள்ளையின் வீட்டுக்கு வந்து, அம்மாவோடும் பிள்ளையோடும் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். ஒரு வருடம் தங்கள் வீட்டில் தங்கப்போகும் பிள்ளை தன் வீட்டில் எப்படி இருக்கும் என்று ஜேர்மனியில் உள்ள குடும்பம் தெரிந்துகொள்ள விரும்புமாம். சொந்தக்காரப் பிள்ளை என்றால் ஒருங்கிணைப்பாளர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது சங்கத்தின் விதி. ஆகவே எனக்கு ஒரு வேலையும் இல்லை. எங்கள் ஊரில் வேலை இல்லாதவன் என்ன செய்வான்? விழா எடுப்பான்.

வரவிருந்தவர் ராஜேஸ்வரி மேடம். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற விரிவுரையாளர், வெகுகாலமாகக் கொழும்பில் இருப்பவர். "மேடம், ஏற்பாடு எல்லாம்..." என்று தொலைபேசியில் இழுத்தேன்.

"ஐயோ தம்பி, ஒண்டும் வேண்டாம். நான் பிள்ளையோட வீட்டில இருந்து கொஞ்ச நேரம் கதைச்சுப்போட்டுப் போறன். ஒரு ஏற்பாடும் செய்யக் கூடாது, சொல்லிப்போட்டன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி சொல்ல முடியாது. ஆனால் நான் வளர்ந்தது தோட்டத்தில். எங்கள் வீடுகளில் வந்தவர் "ஒண்ணும் வேணாங்க" என்றால், அடுப்பைப் பற்றவை என்று அர்த்தம். "வயிறு நெறஞ்சிருக்குங்க" என்றால் இலையைப் போடு என்று அர்த்தம். வேண்டாம் என்பவரை வற்புறுத்தாமல் விட்டால் ஏழு தலைமுறைக்கும் பேச்சு வரும். மேடம் வேண்டாம் என்று அத்தனை அழுத்திச் சொன்னதைக் கேட்டு, ஆகா, பெரிதாக எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

தோட்டத்தின் நுழைவாயிலில் இருக்கும் பாடசாலை மண்டபத்தைப் பிடித்தேன். தப்பு மேளம், மாலை, குத்துவிளக்கு எல்லாவற்றுக்கும் சொல்லியாகிவிட்டது. பதுளையில் ஒரு பெரிய பேனரும் அடித்தேன். அதில் மேடத்தின் பெயர் பெரிய எழுத்தில், என் படம் அதைவிடப் பெரிதாக. பவித்ராவின் படமும் இருந்தது. (கீழ் மூலையில், முத்திரை அளவில். அச்சகத்துக்காரர் இடம் போதவில்லை என்றார். என் படத்தைச் சுருக்கலாமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

பொன்னாடை எடுக்க நிஸாம் நானாவின் கடைக்குப் போனேன்.

"தம்பி, அந்தம்மா வூட்டப் பாக்கத்தானே வாராங்க? நீங்க என்னத்துக்கு மண்டபத்தப் புடிச்சிருக்கீங்க?" என்றார்.

"ஒரு மரியாதைக்கு நானா."

"மரியாத சரி. புள்ள எப்ப பேசும்?"

"அதெல்லாம் நிகழ்ச்சி நிரல்ல இருக்கு நானா." இருந்தது. நன்றியுரைக்கு முன்னால், கடைசியிலிருந்து இரண்டாவதாக.

அந்த நாளும் வந்தது. மேடத்தின் வேன் காலையிலேயே வந்து நின்றது. தப்பு முழங்கியதில் மேடம் திடுக்கிட்டுக் கதவைத் திரும்ப மூடிக்கொண்டார். நான் போய்த் திறந்து, மாலையைப் போட்டு, கையைப் பிடித்து இறக்கினேன். வாசலில் சந்தனத் தட்டோடு ஒரு பெண் நின்றாள். மேடம் பொட்டு வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். அவள்தான் பவித்ரா. "இவதான் மேடம் அந்தப் புள்ள" என்று நான்கு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. மாலை நேராக விழுந்ததா என்பதே என் கவலையாக இருந்தது.

மேடையில் ஏறியதும் மேடம் மெதுவாகக் கேட்டார். "பிள்ளை எங்க, தம்பி? எனக்குப் பின்னேரம் வெலிமடையில மற்றப் பிள்ளையையும் பார்க்க வேணும்."

"வந்திருவா மேடம். மொதல்ல விளக்கேத்திருவோம்."

விளக்குக்கு ஐந்து முகம், ஏற்ற வந்தவர்கள் அதைவிட அதிகம். அதிபர், கோயில் தலைவர், தோட்டத்து மேனேஜர் தொரை வராததால் அவருக்குப் பதிலாக வந்த பெரிய கிளாக்கர், நிஸாம் நானா, மேடம், நான். யாருக்கு எந்த முகம் என்பதில் கிளாக்கருக்கும் கோயில் தலைவருக்கும் முகம் சிவந்தது. சமாதானம் பேசி முடித்து, நான் வரவேற்புரைக்கு நின்றேன். மேடத்தை வரவேற்றேன். அவருடைய கல்வியை வரவேற்றேன். அவரை ஏற்றிவந்த சாரதியை வரவேற்றேன். வர முடியாமல் போனவர்களையும் விடவில்லை, பெயர் சொல்லி வரவேற்றேன்.

பிறகு ஒவ்வொருவரும் "ரெண்டே ரெண்டு வார்த்த" பேசினார்கள். அந்த நேரம் பார்த்துத் தொழிற்சங்கத் தலைவர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்கு மறுபடி தப்பு, மறுபடி மாலை. மேடம் அரசாங்கத்து ஆள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தோட்டத்து ரோடு, தண்ணீர்க் குழாய், லயத்துத் தகரம் என்று ஒவ்வொன்றாக மேடத்திடம் முறையிட்டார். மேடம் தலையாட்டிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே முதல் வரிசையில் பவித்ரா, நான் எழுதிக்கொடுத்த ஆங்கிலப் பேச்சை உதடு அசைய ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சில் அவள் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

கடைசியில் அவளைக் கூப்பிட்டேன். அவள் ஒலிவாங்கியைப் பிடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. எங்கள் மண்டபத்துக்குத் தகரக் கூரை. மலையில் மழை பெய்தால் அதற்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் தும்முவதுகூடக் கேட்காது. பவித்ரா பேசினாள், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மேடம் காதருகே கையை வைத்து முன்னால் சாய்ந்து பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. சாரதி உள்ளே ஓடிவந்து, மிஸ்ட் இறங்குது, இப்போதே கிளம்பாவிட்டால் வெலிமடைக்குப் போய்ச் சேர முடியாது என்றார்.

மேடம் எழுந்து மேடையிலிருந்து இறங்கி, பவித்ராவின் பக்கத்தில் வந்து நின்றார். "பிள்ளை, உன்ர வீடு எவ்வளவு தூரம்? ஒரு பத்து நிமிஷமாவது வந்து இருந்திட்டுப் போறன்."

வீடு ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது. தேயிலைக்கு நடுவே ஒரு சின்ன ஏற்றம், அதன் மேல் லயம், அதில் ஓரத்துக் காம்பராதான் அவர்களுடைய ஒரே அறை. மழையில் ஓடினால்கூடச் சீக்கிரம் போய்விடலாம். பவித்ரா கையை நீட்டப்போனாள். நான் முந்திக்கொண்டேன்.

"ரொம்ப தூரம், மேடம். ஏத்தம் வேற. வழுக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சேறு, மழை, மேடத்தின் சேலை என்றெல்லாம் அன்றைக்கே எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய். அந்தப் புகை படிந்த காம்பராவை, ஒழுகும் இடத்தில் வைத்த வாளியை, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பார்க்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. மண்டபத்தைப் பிடித்ததும் தப்பு அடித்ததும்கூட அதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் பிறந்ததும் அதே போன்ற ஒரு காம்பராவில்தான். அதற்கு வெட்கப்பட்டவன் நான் மட்டுமே. பவித்ராவுக்கு அந்த வெட்கம் இல்லை. நீட்டப்போன கையை அவள் என் முகத்தைப் பார்த்து மடக்கிக்கொண்டாள். அண்ணன் சொன்னதைச் சபையில் மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

மேடம் மாலைகளையும் பொன்னாடைகளையும் ஒரு பழக்கூடையையும் மடியில் வைத்துக்கொண்டு போனார். நன்றியுரை மட்டும் பாக்கி இருந்தது. வேன் போன பிறகும் அதிபர் அதை முழுதாக வாசித்தார்.

மழை விட்டதும் நாங்கள் லயத்துக்கு ஏறினோம். சித்தி வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றாள். விழாவுக்கு அவளை நான் கூப்பிடவே இல்லை, வீட்டுக்கு யாரோ வருவார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். வாசல் மெழுகியிருந்தது. ஒரு நாற்காலியைத் துடைத்துத் துணி போட்டிருந்தாள். ரொட்டியும் கட்டச் சம்பலும் மூடி வைத்திருந்தாள்.

எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அந்தம்மா பின்னால வர்றாங்களா?" என்று கேட்டாள்.

நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். பவித்ராதான் சொன்னாள். "அவங்களுக்கு நேரமில்லயாம்மா. அவசரமாப் போயிட்டாங்க."

"ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கக்கூட நேரமில்லயா?" என்று சித்தி அந்த நாற்காலியிலிருந்த துணியை எடுத்து மடித்தாள். பிறகு என்னை உட்காரச் சொல்லி ரொட்டியை வைத்தாள். வெட்கம் கெட்டவன், சாப்பிட்டேன். சம்பலில் உறைப்பு அதிகம் என்று குறையும் சொன்னேன்.

வெலிமடையில் நடந்தது எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த வீட்டில் யாரும் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. மேடம் போனபோது பையன் மரக்கறித் தோட்டத்தில் லீக்ஸ் கட்டிக்கொண்டிருந்தானாம். மேடம் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து இருட்டும்வரை அவனோடும் அவன் அப்பாவோடும் கதைத்தாராம். அவன் ஜேர்மனிக்குப் போனான். நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்களுக்குக் கொழும்பிலிருந்து மேடமே தொலைபேசியில் பேசினார்.

"தம்பி, பிள்ளையைப் பற்றி எங்களுக்கு ஒண்டும் தெரிய வரேல்லை. தெரியாத பிள்ளையை எப்பிடி இன்னொரு வீட்டுக்கு அனுப்புறது? உங்களைப் பற்றித்தான் நிறையத் தெரிஞ்சு கொண்டன்."

அன்றைக்குத்தான் பேட்ஜைக் கழற்றினேன். ஒருங்கிணைப்பாளர் பதவியை நிஸாம் நானா ஏற்றுக்கொண்டார். அவர் காலத்தில் ஊவாவிலிருந்து பிள்ளைகள் போனார்கள், வந்தார்கள். எந்த வீட்டுச் சந்திப்புக்கும் அவர் தேதியை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

பவித்ரா இப்போது பசறையில் ஆசிரியை. என்னோடு அவள் ஒரு நாளும் முகம் கோணியதில்லை. அதற்குப் பதிலாகக் குடும்பத்துக்கு ஒரு வேடிக்கையைக் கொடுத்துவிட்டாள். என் குரலில், என் கழுத்துச் சாய்வோடு, "ரொம்ப தூரம், மேடம்" என்று சொல்லிக் காட்டுவாள். இன்றைக்கு எங்கள் சொந்தத்தில் யாரும் வேலைக்கு மறுப்பது அந்த வாக்கியத்தில்தான். அடுப்படியிலிருந்து உப்பை எடுத்து வா என்றால், "ரொம்ப தூரம், மேடம்." கடைக்குப் போய்விட்டு வா என்றால், "ரொம்ப தூரம், மேடம், வழுக்கும்." என் மனைவி சொல்கிறாள், என் பிள்ளைகள் சொல்கிறார்கள், சித்தியும் சொல்கிறாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

போன பொங்கலுக்கு எல்லோரும் சித்தி வீட்டில் கூடியிருந்தோம். பவித்ராவின் மகள் புது உலகப்படம் ஒன்றைத் தரையில் விரித்து வைத்து, நாடு நாடாக விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். "அம்மா, ஜேர்மனி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

பவித்ரா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"ரொம்ப தூரம், மேடம்" என்றாள்.

வீடே சிரித்தது. அவள் அதை என் குரலில் சொல்லவில்லை, தன் குரலில்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.