டோரின் வைத்துவிட்டுப் போன விதை

மேஜையின் நான்காவது திருகாணி மட்டும் அசைவதாக இல்லை.

வெண்டெல் மண்டியிட்டு, மேஜைக்கு அடியில் தலையை நுழைத்து எண்ணெய் விட்டுப் பார்த்தார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். பிறகு பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்து, செடி வளர்க்கிற விளக்கு விற்கும் ஜேரட்டுக்குப் போன் போட்டார்.

"மேஜை வரமாட்டேங்குது ஜேரட்."

"ரம்பம் வச்சு அறுத்துடுங்க சார். உள்ள இருக்கற எல்லாத்தையும் பிடுங்கினாத்தான் செடிக்கு இடம்."

"அது முடியாது."

"ஏன், இரும்பா?"

"இல்லப்பா. டோரினோட மேஜை."

"சரி, அப்போ தொட்டியைப் பெஞ்சு மேல வைங்க" என்றான் ஜேரட்.

காரின் பின்னால் கோத்து இழுத்துப் போகிற பழைய கேம்பர் அது. படுக்கை, அடுப்பு, எதிரெதிரே இரண்டு பெஞ்சு, நடுவில் ஒரு மேஜை. ஒவ்வொரு கோடையிலும் வெண்டெலும் அவர் மனைவி டோரினும் அதை ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். மழை பிடித்துக்கொண்டால் அந்த மேஜையில்தான் சீட்டாட்டம். டோரின் கூசாமல் ஏமாற்றுவாள். அவர் தெரியாதது போலத் தோற்றுப்போவார்.

அவர்கள் குடியிருந்த ஸ்லோக்கன் பள்ளத்தாக்கில் கஞ்சா வளர்க்காத வீடு தேடினாலும் கிடைக்காது. வீட்டுக்கு நான்கு செடி என்று சட்டம் அனுமதிப்பதற்கு வெகுகாலம் முன்பே சோளக்கொல்லைக்கு நடுவிலும் பன்றிக் கொட்டகைக்குப் பின்னாலும் வளர்த்துப் பழகிய ஊர். அங்கே பெயர் ஒட்டாத டப்பாவில் விதை இருந்தால், என்ன விதை என்று யாரும் கேட்பதில்லை. வெண்டெல் ஒருவர்தான் அந்தப் பக்கமே போகாதவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன் கையில் அந்த வாடை வரக்கூடாது என்று ஒதுங்கியவர், ஓய்வு பெற்ற பிறகும் ஒதுங்கியே இருந்தார். செடிகொடி விஷயத்தில் அவருக்குப் பொதுவாகவே ஞானம் கிடையாது. தோட்டம் டோரினுடையது. புல் வெட்டுவது மட்டும் இவர் வேலை. அதிலும் இரண்டு தடவை அவளுடைய கேரட்டையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்.

அந்த டோரின்தான், அவர் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பிய இலையுதிர் காலத்தில், ஒரு பழைய கடுகு டப்பாவைக் கேம்பரின் இழுப்பறைக்குள் வைத்தாள். உள்ளே பொடிப்பொடியாகப் பழுப்பு விதை.

"என்ன டோரின் இது?"

"உனக்காகத்தான். நேரம் வரும்போது உனக்கே தெரியும். குப்பைன்னு தூக்கிப் போட்டுடாதே."

மறு கோடையில் ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பின் வெண்டெலுக்குத் தூக்கம் போய்விட்டது. சுத்தியல் தேடிக் கேம்பருக்குப் போன ஒரு குளிர்காலக் காலையில் கடுகு டப்பா கண்ணில் பட்டது. நேரம் வந்துவிட்டது என்று அவருக்கு அப்போதே தோன்றியது. கஞ்சா தூக்கத்துக்கு நல்லது என்று ஊரே சொல்லும்; தூக்கம் போகும் என்று தெரிந்தே அவள் வைத்திருக்கிறாள்.

டப்பாவிலிருந்த விதை முழுவதையும் போட்டதில் நான்குதான் முளைத்தன. இந்த நான்கும் போய்விட்டால் அவள் கையால் அவருக்கென்று எடுத்து வைத்தது வேறு எதுவும் கிடையாது. வீட்டுக்குள் வளர்க்கவும் முடியாது. கீழ்ச்சரிவில் குடியிருக்கும் நெட்டி எப்போது வேண்டுமானாலும் கதவைத் தட்டாமல் உள்ளே வருவாள். டோரினின் உயிர்த்தோழி. ரஷ்யாவிலிருந்து வந்த டுகோபர் என்ற மதக் கூட்டத்தைச் சேர்ந்தவள். அவர்கள் மாமிசம், சாராயம், புகை எதையும் தொடுவதில்லை. டோரின் போன நாளிலிருந்து வாராவாரம் ஒரு ஜாடி போர்ஷ்ட் சூப்பை அவர் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால்தான் கேம்பர்.

மேஜையை அறுக்க மனம் வராததால் நான்கு தொட்டிகளும் பெஞ்சுக்கு இரண்டாக எதிரெதிரே உட்கார்ந்தன. சீட்டைக் குலுக்கிப் போடுவதற்காகக் காத்திருக்கும் விருந்தாளிகள் போலத்தான் இருந்தது.

மேலே ஊதா விளக்கு. குளிருக்கு ஒரு ஹீட்டர். இரண்டையும் ஒன்றாகப் போட்டதும் வீட்டில் ஃப்யூஸ் போனது. மாற்றினார். மறுபடியும் போனது. மூன்றாவது தடவை அது போனதைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது, ஃப்ரீசரிலிருந்து குளிர்காலத்து மீன் முழுவதும் உருகி ஓடிக்கொண்டிருந்தது.

சரி, ஹீட்டர் வேண்டாம் என்று எடுத்துவிட்டு, காற்றுப் புகும் சந்துகளையெல்லாம் வெள்ளித்தாள் ஒட்டி அடைத்தார். உள்ளே கதகதப்பு வந்தது. கூடவே ஈரமும் வந்தது. சுவர் வியர்த்துக் கொட்டியது. டோரின் தைத்த மஞ்சள் திரைச்சீலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. வெண்டெல் திரைச்சீலையைக் கழற்றிக் கையாலேயே துவைத்துக் காயப்போட்டுவிட்டு, கூரையில் ஓட்டை போட்டு ஒரு விசிறி மாட்டினார்.

செடிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. கைவிரல் விரித்த மாதிரி இலை. பிசுபிசுப்பு. தண்டில் முள்.

"முள்ளா?" என்றான் ஜேரட், அவருடைய கீறல் விழுந்த கையைப் பார்த்து. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத பையன். "அது வந்து... பழைய மலை ஜாதி சார். காட்டுல ஆடு மேயாம இருக்க முள் விட்டுக்கும். இப்பல்லாம் கண்ணுலயே பார்க்க முடியாது. பத்திரமாப் பார்த்துக்கங்க."

வெண்டெல் ஒரு ஜோடி கையுறை வாங்கிக்கொண்டு பெருமையோடு திரும்பினார். மலை ஜாதி! டோரினா கொக்கா!

விசிறி ஈரத்தை வெளியே தள்ளியது. வாடையையும் சேர்த்துத்தான் தள்ளியது. மறுவாரமே மேல்சரிவில் குடியிருக்கும் எர்ல் வேலியோரம் வந்து, கண்ணை மூடி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றான். சட்டம் வருவதற்கு முன்னாலிருந்தே வளர்ப்பவன். மூக்காலேயே ஜாதி சொல்பவன் என்று பேர்.

"டேய் வெண்டெல், என்னடா இது?"

"எது?"

"நடிக்காதே. இந்தப் பள்ளத்தாக்குல பொறந்து வளர்ந்தவன்டா நான். இப்படி ஒரு வாசனையை மோந்ததே இல்ல. ஒரு கிளை ஒடிச்சுக் குடுடா."

"ஒண்ணும் இல்லடா. ஒரு முள்ளம்பன்றி செத்துக் கிடக்கு."

"செத்தது இப்படி மணக்காது. காட்டவாவது காட்டேன்."

"மாட்டேன் எர்ல். இது என்னுது இல்ல, டோரினோடது."

எர்ல் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். ஆனாலும் அன்று முதல் தினமும் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆழமாக இழுத்துவிட்டுப் போனான்.

எர்ல் மோந்தால் பரவாயில்லை. காற்று திரும்பினால் கீழே நெட்டி மோந்துவிடுவாளே! வெண்டெல் யோசித்தார். உருகின மீனை அப்போதே உப்புப் போட்டு வைத்திருந்தது நிறையக் கிடந்தது. விசிறிக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டி, மீனைப் புகை போட ஆரம்பித்தார். எந்த வாடையும் அதன் முன்னால் நிற்கவில்லை. புகை சரிவில் இறங்கி நேராக நெட்டி வீட்டுச் சமையலறைக்குள் போனது. மாமிசம் தொடாதவள் வீட்டுக்குள் வாரம் முழுக்க மீன் புகை. அந்த வாரம் போர்ஷ்ட் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

வெண்டெல் வாசலைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தார். டோரின் போன பிறகு அவர் முழுசாகச் சாப்பிட்டதே அந்தச் சூப்பு ஒன்றைத்தான்.

மே மாதக் கடைசியில் செடிகள் மொட்டு விட்டன. கேம்பருக்கு வெளியே, தேன்சிட்டுகளுக்காகத் தொங்கவிட்டிருந்த சிவப்புப் புட்டியில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியபடி, வழக்கம் போல அவற்றோடு பேசிக்கொண்டிருந்தார். சிட்டுகளோடு பேசுவது அவருடைய பழைய வியாதி. "நாலு வார்த்தை பேச ஆள் இல்லைன்னா இந்த மனுஷன் செத்துடுவான்" என்று டோரின் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"மொட்டு வந்தாச்சுப்பா. அவ சொன்ன மாதிரியே..." என்று ஒரு சிட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கேம்பரின் அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"எர்ல், தள்ளிப் போடா. காட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

எர்ல் இல்லை. கரடி.

குளிர்காலம் முழுவதும் தூங்கி எழுந்த கடும்பசிக் கரடி. புகை போட்ட மீன் வாசனைக்கு மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தது. முதலில் அடுப்பைக் கவிழ்த்து மீனைத் தின்றது. பிறகு இன்னும் இருக்கும் என்ற நம்பிக்கையில் கேம்பர் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்று, சன்னலுக்குள் எட்டிப் பார்த்தது.

சக்கரத்துக்கு அடியில் வெண்டெல் வைத்திருந்தது இரண்டு விறகுக் கட்டைதான். ஒன்று நழுவியது.

கேம்பர் யோசிப்பது போல ஒரு கணம் நின்றது. பிறகு சரிவில் உருள ஆரம்பித்தது. மின்சார ஒயர் விறைத்து, சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வால் போலப் பின்னாலேயே போனது. அதன் பின்னால் வெண்டெல் ஓடினார். கரடி பயந்து எதிர்ப்பக்கம் ஓடியது.

"நில்லு! நில்லுங்கறேன்ல! டோரின்!"

யாரைக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

கேம்பர் வேலியை முறித்துக்கொண்டு, புதிதாக உழுத உருளைக்கிழங்கு வயலுக்குள் பாதிச் சக்கரம் புதைய இறங்கி நின்றது. கதவு தானாகத் திறந்துகொண்டது. மண்வெட்டியோடு அங்கே நின்றிருந்தாள் நெட்டி.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் வெண்டெல். கை நெஞ்சின் மேல் இருந்தது.

"மொதல்ல உட்காரு! உன் நெஞ்சு இருக்கற லட்சணத்துக்கு ஓட்டம் வேறயா?" என்று அதட்டினாள் நெட்டி. "உன் வண்டி என் கிழங்கைப் பார்க்க வந்திருக்கு. மீனையும் கொண்டு வந்துச்சா?"

அவர் உட்காரவில்லை. கேம்பருக்குள் ஏறினார். மூன்று தொட்டிகள் பெஞ்சிலேயே சாய்ந்து கிடந்தன. நான்காவது தரையில் உடைந்து, தண்டு முறிந்திருந்தது. அசையாத திருகாணியின் புண்ணியத்தில் மேஜை மட்டும் அப்படியே நின்றது. வெண்டெல் முறிந்த செடியை எடுத்து மேஜை மேல் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஒண்ணு போச்சு நெட்டி."

நெட்டி வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். வெள்ளித்தாள், விளக்கு, விசிறி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"திட்டறதுன்னா திட்டு" என்றார் அவர். "உன்கிட்ட மறைச்சது தப்புதான். மீன் புகையும் இதுக்காகத்தான். ஆனா இது டோரின் எனக்குன்னு வச்சுட்டுப் போனது. தூக்கம் வராதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கா. இதை வாட விட எனக்கு மனசு வரல."

"டோரினா? இதையா?"

அதற்குள் எர்ல் மேலேயிருந்து ஓடி வந்துவிட்டான். நெட்டியை ஒதுக்கிக்கொண்டு தலையை உள்ளே நீட்டியவன், அப்படியே நின்றுவிட்டான். அன்று காலையில்தான் விரிந்த மொட்டுகளில் ரோஜா நிற இதழ்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நீள நீளமாக மீசை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா... பூத்திருக்கு?"

"பூக்கணும்னுதானே ஜேரட் சொன்னான்?" என்றார் வெண்டெல்.

"இப்படி இல்லடா!"

நெட்டி முறிந்த செடியைக் கையில் எடுத்தாள். "இது சிலந்திப்பூ, வெண்டெல். என் வீட்டுப் பின்னால வருஷா வருஷம் பூக்குது. விதை என்னோடது."

"அப்போ அந்த வாசனை?" என்றான் எர்ல்.

"இலையோட நாத்தம். பூனை மூத்திரம் மாதிரி அடிக்கும்."

"தினமும் வந்து நின்னு இழுத்தேனே!"

"உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. போய் மூஞ்சியைக் கழுவு."

எர்ல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு வயலோரம் போய் உட்கார்ந்தான்.

வெண்டெல் கையுறையைக் கழற்றினார். முள் கீறிய விரல்களைப் பார்த்தார். சரிவின் மேலிருந்த சிவப்புப் புட்டியை விட்டு ஒரு தேன்சிட்டு இறங்கி வந்தது. திறந்திருந்த கதவு வழியாக நுழைந்து, பெஞ்சின் மேல் விரிந்திருந்த பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று, மூக்கை உள்ளே விட்டது. யாரும் அசையவில்லை.

"அப்போ ஏன் நெட்டி, இது எனக்குன்னு சொன்னா?" என்று மெதுவாகக் கேட்டார் வெண்டெல். "நேரம் வரும்போது உனக்கே தெரியும்னாளே?"

நெட்டி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தலையில் கட்டியிருந்த துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குத்தான்ப்பா. ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னைக் கூட்டிட்டு வந்த வாரம் என்கிட்ட விதை கேட்டு வந்தா. 'அந்த மனுஷன் எனக்கு முன்னால போயிடுவான் நெட்டி, அவன் கல்லறையில இதைத் தூவி விடணும், பேச்சுத்துணைக்குத் தேன்சிட்டாவது வரட்டும்'னா."