மாசிலாமணி வளர்த்த மூணு கோழி

ஒரு காட்டில் ஒரு நரி இருந்துச்சு, அது மூணு கோழி வளர்த்துச்சு. இருங்க, இருங்க. கதை முடிஞ்சுபோச்சுன்னு எந்திரிக்காதீங்க. இந்த நரி கறிய விட்டுருச்சு. பேரு மாசிலாமணி. காட்டையே கூட்டி வச்சு, இனிமே காய்கறிதான்னு சத்தியம் பண்ணி, பெர்மாகல்ச்சர் தோட்டம் போட்டுருந்துச்சு. உழவு கெடையாது, மருந்து கெடையாது, எல்லாத்தையும் இயற்கையே பாத்துக்கும். முதல் கத்திரிக்கா எப்ப வரும்னு வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

கோழிகளுக்குத் தலைவி செங்கமலம். வந்த அன்னிக்கே, நாங்க பூச்சியத் தின்போம், களையக் கெளறுவோம், எச்சத்தால உரம் போடுவோம்னு நன்மைகள வரிசையா ஒப்பிச்சுச்சு. ஒண்ணுகூடப் பொய்யில்ல. பத்தே நாள்ல பூச்சி காலி, களை காலி. மண்ணு காயாம இருக்க மூடாக்காப் போட்ட சருகெல்லாம், இதுங்க கெளறுன கெளறுல பக்கத்து ஓடையில மெதந்துச்சு. பதினோராவது நாள் கத்திரி நாத்துல வாய வச்சுதுங்க.

மாசிலாமணிக்கு 'சூ'ங்கறது தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஆனா ஒரு நரி கோழிய வெரட்டுறத யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க? "ஆரம்பிச்சுட்டான்யா"ம்பாங்க. அதனால ரொம்ப மரியாதையா, "அக்கா, அது நாத்து"ன்னுச்சு.

"தெரியும் தம்பி. நாத்தையே எடுத்துட்டா, அப்புறம் பூச்சிக்கு இங்க என்ன வேலை?"

வெண்டை போச்சு. கீரை போச்சு. மாசிலாமணிக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பிச்சுருச்சு. மிச்சமிருந்த ஒத்தத் தக்காளிச் செடி மேல, கோழி அடைக்கிற பஞ்சாரத்தக் கவுத்துப் பாத்துச்சு. செங்கமலம் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு, எங்க மேல உனக்கு நம்பிக்கை இல்லையான்னு கேட்டுச்சு. நரி வெக்கப்பட்டுப் பஞ்சாரத்த எடுத்துருச்சு.

இயற்கைத் தோட்டச் சான்றிதழ் குடுக்க ஆமை ஆபீசர் படிவத்தோட வந்தாரு. காடே கூடிருச்சு. கோழிங்க தின்னத நம்ம வாயால சொல்ல வேணாம், இவரே பாத்துச் சொல்லிருவாருன்னு மாசிலாமணி ஆசையா நின்னுச்சு. பூச்சி இருக்கா? இல்ல, டிக். களை இருக்கா? இல்ல, டிக். உரம்? ஆமை வழுக்கிக்கிட்டே டிக் போட்டாரு. நூத்துக்கு நூறு. கோழிங்க மூணும் பவ்யமா தலையக் குனிஞ்சுதுங்க, எல்லாரும் கை தட்டுனாங்க.

வேடிக்கை பாக்க வந்த ஒரு வெள்ளாடு, வாய்க்கு ஏதாச்சும் கெடைக்குமான்னு தோட்டத்த ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பி வந்துச்சு.

"ஏங்க, இதுல செடி எங்க? மூணும் தின்னு தீத்துருச்சுங்க. இந்தாளு கேக்கப் பயந்துக்கிட்டுப் பட்டினி கெடக்குறாரு."

நீதி: கோழி வளர்த்தா தோட்டத்துக்கு ரொம்ப நல்லது. தோட்டத்த மட்டும் வேற எடத்துல போட்டுக்கங்க.