பதினேழாம் எண்

அன்று காலை அவர் பதினேழாம் எண் கல்லை எடுத்து ஒரு நக்கு நக்கினார். ஈரம் பட்டால்தான், மரமாக இருந்து கல்லாகிப்போன அந்தக் கல்மரத்தின் நிறமும் ரேகையும் துலங்கும் என்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் காப்பி குடித்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

"என்ன சிரிப்பு?" என்று மனைவி கேட்டாள்.

"வருஷாவருஷம் பார்க்கிறதுதானே. மாற்றம் ஒண்ணும் இல்ல."

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு சங்கத்துக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம் அவர் வரவில்லை. மருத்துவமனையிலிருந்து போன்தான் வந்தது.

மூன்று மாதம் கழித்து இன்னொரு போன். கல் சேகரிப்போர் சங்கம் தன் கட்டடத்தில் ஓர் அறைக்கு அவர் பெயரை வைத்து, அவருடைய கற்களை எல்லாம் அங்கே வைக்கப்போகிறதாம். சரிபார்த்து மதிப்புப் போட நாளை நாலு மணிக்கு ஆள் வருமாம்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏனென்றால் பதினேழாம் எண் கல்லே இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன், அவர் வெளியூர் போயிருந்த சமயம், தூசி தட்டும்போது கை நழுவி அந்தக் கல் மூன்று துண்டாகிவிட்டது. துண்டுகளைக் குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்தாள். தச்சரிடம் ஓடி, அதே அளவில் ஒரு கட்டையை வில்லையாக அறுத்து, வார்னிஷ் அடித்து வாங்கி, அதே இடத்தில் வைத்தாள். ஊரில் யார் எந்தக் கல்லைக் கொண்டுவந்தாலும், "நல்ல கல்லுதான், கதவுக்கு முட்டுக் கொடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும் மனிதர், இதைக் கண்டுபிடிக்கவேயில்லை. வீட்டுக்குள் வந்ததும் ஆம்பிளைகளுக்குக் கண் தெரியாது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

தம்பியைக் கூப்பிட்டாள்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுக்கா."

"போட்டோ புடிச்சுப் பட்டியல்ல போட்டிருக்காங்கடா. துருவித் துருவிக் கேப்பாங்க."

"அப்ப உண்மையைச் சொல்லிடு."

"சொல்லி? பதினோரு வருஷமா பலகையை நக்கிக்கிட்டு இருந்த மனுஷன்னு சங்கமே சிரிக்கும். உங்க மாமாவுக்கு மிச்சம் இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

தம்பி வில்லையைத் தூக்கிப் பார்த்தான். "மொதல்ல, கனம் போதாது." பின்பக்கம் குடைந்து, இரும்பு ஆணிகளைக் கொட்டி, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தான். கனம் வந்தது. கூடவே சத்தமும் வந்தது.

"என்னடா இது, கிலுகிலுப்பை மாதிரி?"

"ஆட்டாம வச்சிருந்தா சத்தம் வராதுக்கா."

"அவங்க என்ன கும்பிட்டுப் போகவா வர்றாங்க? எடுத்துப் பாக்கத்தாண்டா வர்றாங்க!"

அடுத்து, கல் என்றால் தொட்டதும் சில்லென்று இருக்க வேண்டும். மறுநாள் காலை ஃப்ரிட்ஜில் வைத்தான். நாலு மணிக்கு வாசல் மணி அடித்ததும் எடுத்தால், பக்கத்தில் இருந்த பாதி வெங்காயத்தின் வாடை முழுதாக ஏறியிருந்தது. அலமாரியில் வைத்த உடனே குப்பென்று வியர்க்கவும் ஆரம்பித்தது.

"பாரு, உன்ன மாதிரியே," என்றான் தம்பி.

கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க மதிப்பீட்டாளர் வந்தார். கூடவே குமாஸ்தாப் பெண். அவள் கையில் இருந்தது காலமானவரின் நோட்டு. கடைசி நாளில் சங்கத்திலேயே தங்கிவிட்டது. அவள் எண்ணைச் சொல்வாள். மதிப்பீட்டாளர் கல்லை எடுத்து, நக்கி, தலையாட்டுவார். பிறகு நோட்டில் உள்ளதை அவள் வாசிப்பாள். இப்படியே பதினாறு கல் ஆயிற்று.

"பதினேழு."

மதிப்பீட்டாளர் எடுத்தார். கிலுக் என்றது. முகர்ந்து பார்த்தார். நாக்கை நீட்டினார்.

"நக்காதீங்க!" என்று மனைவி அலறினாள்.

"ஏம்மா?"

"அது... அவர் கடைசியா நக்கினது."

சமாளிக்கச் சொன்னதுதான். ஆனால் பொய்யில்லை என்பது சொன்ன பிறகே உறைத்தது.

மதிப்பீட்டாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்கம்மா." வில்லையைப் பூப்போல இறக்கி வைத்தார். கிலுக். தம்பி விட்டத்தைப் பார்த்தான். தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டாள்.

"சரி, என்ன எழுதியிருக்கார்? படிம்மா."

குமாஸ்தாப் பெண் பக்கத்தைப் புரட்டி, நெற்றியைச் சுருக்கி வாசித்தாள்:

"'மரம்தான். வார்னிஷ் கசக்கிறது. வீட்டில் பயந்து போயிருக்கிறாள், கேட்கக் கூடாது. விலைக்கு இல்லை.' இது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது சார். அதுக்கப்புறம் வருஷாவருஷம் ஒரே வரிதான்: 'இன்னும் கல்லாகவில்லை.'"